இரவல் பெயர்களில் வாழ்ந்த கவிஞர் கொத்தமங்கலம் சுப்பு

கவிதை எழுதுகிறவர் தம் வரிக்குக் கீழே தம் பெயரைக் காண விழைவது இயல்பு. பத்தாண்டுகளாகப் பூலாம்பாடியில் கூடிக் கவி பாடிவரும் நமக்கும் அவ்விழைவு உண்டு. ஆயினும் எழுத்தாற்றலின் பெரும்பகுதியை ஒரு நிறுவனத்தின் முத்திரைக்குள் ஒப்படைத்துவிட்டு, அதற்காக வருந்தியதாகக் காட்டிக்கொள்ளாமலே வாழ்ந்து முடித்த கவிஞர் ஒருவர் தமிழில் இருந்தார். நம் ஆண்டு மலரில் அவரை நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறேன்.

சுப்பு பிறந்தது 1910ஆம் ஆண்டு, கன்னாரியேந்தல் என்னும் சிற்றூரில். கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பிழைப்பின் பொருட்டுச் சென்று தங்கிய செட்டிநாட்டுக் கொத்தமங்கலமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறந்த ஊர் மறைந்து, புகுந்த ஊர் நிலைத்தது. இரவல் பெயர்களால் ஆன அவருடைய வாழ்வில் இது முதற்பெயர். நாட்டுப்புறத்து மெட்டும், உழவர் பேச்சும், கூத்துமேடைக் கேலியும் அவருக்குப் பாடநூல்களாயின. நாடக ஆர்வம் அவரை 1930களின் திரையுலகிற்கு நடிகராக அழைத்துச் சென்றது.

அக்காலத்தில் எஸ். எஸ். வாசன் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவினார். அதில் கதைக்கென்றே ஓர் இலாகா அமைந்திருந்தது. எழுத்தாளர்கள் மாதச் சம்பளத்தில் அமர்ந்து ஒரு காட்சியைப் பலவாறு கற்பனை செய்வர். வாசன் ஏற்றது படமாகும். திரையில் தனியொருவர் பெயர் வராமல் 'ஜெமினி கதை இலாகா' என்று மட்டும் வருவதுண்டு. சுப்புவுக்கு இது இரண்டாவது இரவல் பெயர். 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் கதையும் இவ்வாறு பலர் கூடிச் சமைத்ததே. அதன் பாடல்களைப் பாபநாசம் சிவனோடு சுப்புவும் எழுதினார்.

அவருடைய நகைச்சுவைத் திறம் தனித்து ஒளிர்ந்தது, அவரே இயக்கிய படங்களில். 1945இல் வந்த 'கண்ணம்மா என் காதலி', உலகப்போர்க் காலத்துப் பர்மாவையும் அங்கிருந்து தப்பி வந்தோரையும் பின்னணியாகக் கொண்டது. கடல் கடந்து பிழைக்கச் சென்றோர் மிகுந்த நம் ஊரார் அத்துயரை நன்கறிவர். அதன் நடுவிலும் சிரிப்புக்கு இடம் கண்டவர் சுப்பு. 1947இல் வந்த 'மிஸ் மாலினி'க்குக் கதை தந்தவர் ஆர். கே. நாராயண். நாடகக்காரியான மாலினியைப் புகழின் உச்சிக்கு ஏற்றி, பின் கடனில் தள்ளும் சம்பத் என்னும் இனிய மோசக்காரன் வேடத்தைச் சுப்புவே ஏற்றார். போருக்குப் பிந்திய பங்கீட்டுக் காலத்தில் சர்க்கரைக்கும் அரிசிக்கும் மக்கள் பட்ட பாட்டை எள்ளி நகையாடும் பாட்டும் அப்படத்தில் உண்டு. அறிந்தோர் பாராட்டினர், வசூல் குறைவாகவே இருந்தது.

சம்பத் யாரையும் அதட்டுவதில்லை, அடிப்பதில்லை. பேச்சாலேயே பிறரை வீழ்த்துகிறான். அவன் வாக்குறுதி ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு படி உயரும். கேட்பவர் சிரித்துக்கொண்டே ஏமாறுவர். இத்தகைய வசனத்துக்கு இடமறிந்து நிறுத்தும் செவி வேண்டும். அது கவிஞனுக்குரிய செவி.

இதே சுப்புதான் 1953இல் கே. பி. சுந்தராம்பாளை வைத்து 'ஔவையார்' படத்தை இயக்கினார். 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடிய பாட்டை எழுதியவரும் அவரே. ஆட்டம் நினைவில் நிற்கும் அளவுக்கு எழுதியவர் பெயர் நிற்கவில்லை.

ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடராக வந்தபோது ஆசிரியர் பெயர் 'கலைமணி' என்றிருந்தது. அது மூன்றாவது இரவல் பெயர். நாதசுரமும் நாட்டியமும் மோதிக் காதலாகும் அக்கதையின் சவடால் வைத்தியைப் பாருங்கள். பிறர் கலையை விலைபேசித் திரியும் அவன், 'மிஸ் மாலினி'யின் சம்பத்துக்குத் தஞ்சை மண்ணில் பிறந்த தம்பியே அல்லவா? பெயர் மாறியும் குரல் மாறவில்லை. 1968இல் ஏ. பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது வைத்தியாக நாகேஷ் நடித்தார்.

ஜெமினியில் பணியாற்றிய அசோகமித்திரன், சுப்பு தம் படைப்பாற்றல் முழுவதையும் முதலாளியின் நன்மைக்கே திருப்பிவிட்டார் என்ற பொருள்பட எழுதினார். இக்கணிப்பை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு சிக்கலுக்குப் பத்து வழி சொல்லக்கூடியவர், தமக்கென ஒரு வழியை வகுக்கும் ஓய்வைப் பெற்றாரா? நாட்டார் சந்தத்தில் அவர் பாடிய கவிதைகளைப் படிக்குந்தோறும் இன்னும் எத்தனை எழுதியிருக்கலாம் என்ற ஏக்கம் எழவே செய்கிறது.

ஆயினும் 'காந்தி மகான் கதை'யை எழுதி, வில்லுப்பாட்டாக அவரே மேடைதோறும் பாடினார். அங்கே முதலாளி இல்லை, இலாகா இல்லை. கவிஞரும் கேட்போரும் மட்டுமே. காந்தியடிகளின் வாழ்வைக் கற்றோருக்கும் கல்லாதோருக்கும் ஒரே மொழியில் சொல்ல அவரால் முடிந்தது. பாமரர் எந்த இடத்தில் சிரிப்பர், எந்த இடத்தில் கண் கலங்குவர் என்று ஸ்டூடியோவில் கழிந்த ஆண்டுகள் அவருக்குக் கற்பித்திருந்தன. இழப்பும் பேறும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

1971இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு, 1974இல் மறைந்தார். ஜெமினி ஸ்டூடியோவும் இன்றில்லை. சென்னையில் அது இருந்த இடத்தருகே உள்ள மேம்பாலத்தை மட்டும் மக்கள் அப்பெயரால் அழைக்கின்றனர். சம்பத்தும் வைத்தியும் நம்மிடையே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெயருக்காக எழுதுவதா, கேட்பவருக்காக எழுதுவதா என்ற ஐயம் நம் கவியரங்குகளில் இனி எழும்போது, சுப்புவின் வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.