துலாக்கோலின் மேதை அல்காஸினி

ஸைத்தூன் எண்ணெயில் எள்ளெண்ணெயைக் கலந்து ஒருவர் உங்கள்முன் வைக்கின்றார் எனக் கொள்வோம். நிறத்தையும் மணத்தையும் நம்பாது, எடையைக் கொண்டே அக்கலப்பை அறிந்திட இயலுமா? இயலும், ஆயினும் இடையில் வெப்பம் என்னும் பொய்ச்சாட்சி ஒன்று புகுந்து கெடுத்துவிடும். திரவங்களின் எடையை வெப்பம் மாற்றுவதை ஒன்பது நூற்றாண்டுகட்கு முன்னரே அளந்து எழுதிவைத்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றைச் சற்றே கேளுங்கள்.

அபுல் ஃபத்ஹ் அப்துர் ரஹ்மான் அல்காஸினி, ரோம நாட்டுக் கிரேக்க மரபில் தோன்றி அடிமையாக மர்வு நகரை அடைந்தவர். இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள அந்நகரே அன்று ஸல்ஜூக்கியர் ஆட்சியின் தலைநகர். அவரை உடைமையாகக் கொண்டிருந்த பொருளாளர் அவருக்குக் கணிதமும் தத்துவமும் கற்பித்தார். பின்னர் உரிமையும் தந்தார். 'காஸின்' என்னும் சொல்லுக்குக் கருவூலக் காவலர் என்பதே பொருள். எசமானரின் பதவிப்பெயரே மாணவரின் பெயராய் நிலைத்தது.

அவருக்கு முன் அல்அஸ்ஃபிஸாரி என்னும் அறிஞர், தங்கத்தில் கலந்த வெள்ளியைக் காட்டிக்கொடுக்கும் துலாக்கோல் ஒன்றை ஸுல்தான் ஸன்ஜரின் கருவூலத்திற்கெனச் செய்தளித்தார். தன் மோசடி வெளிப்பட்டுவிடுமென்று அஞ்சிய கருவூலக்காரன் ஒருவன் அதனை உடைத்தெறிந்தான். செய்தி கேட்ட அவ்வறிஞர் துயரம் தாளாது உயிர்நீத்தார் என வரலாற்றாசிரியர் பைஹகீ எழுதுகின்றார். தராசைக் கண்டு யார் அஞ்சுவர் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

அந்தப் பணியைத்தான் அல்காஸினி மீண்டும் கையிலெடுத்தார். ஹிஜ்ரி 515-இல், அதாவது கி.பி. 1121-ஐ ஒட்டி, 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலை இயற்றி முடித்தார். ஐந்து தட்டுகளைக் கொண்ட அவரது துலாக்கோல் பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, இரு உலோகங்களின் கலப்பு விகிதத்தைக் காட்டும். ஆயிரம் மிஸ்கால் எடையில் ஒரு ஹப்பா, அதாவது ஒரு தானியமணி அளவு, வேறுபட்டாலும் அது காட்டிவிடும் என்பது அவர் கூற்று.

நீரில் நிறுப்பதென்றால் அந்நீர் ஒரே தன்மையுடையதாய் இருத்தல் வேண்டும் அல்லவா? ஆகவே திரவங்களின்பால் அவர் கருத்துச் சென்றது. பண்டைய பாப்பஸ் என்பாரின் மிதவைக் குழலை அவர் விரிவாக விளக்குகின்றார். அடியில் எடை வைத்து அளவுக்கோடுகள் பொறித்த அக்குழல், குளிர்நீரில் உயர்ந்து நிற்கும். வெந்நீரில் ஆழ்ந்து செல்லும். நன்னீரின் எடையை 1 என வைத்து அவர் தந்த அட்டவணையைப் பாருங்கள்: வெந்நீர் 0.958, ஸைத்தூன் எண்ணெய் 0.920, எள்ளெண்ணெய் 0.915. கொதிநீருக்கு இன்றைய விஞ்ஞானம் கூறும் அளவும் ஏறத்தாழ 0.958-தான்! எல்லாமே இவ்வாறு பொருந்திவிட்டதெனக் கூறுவது நேர்மையாகாது. பசும்பாலுக்கு அவர் தந்த 1.110 மிகையே, இன்றைய அளவு ஏறத்தாழ 1.03.

இனி முதலில் கேட்ட வினாவிற்கு வருவோம். அவர் கணக்கில் அவ்விரு எண்ணெய்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமை ஆயிரத்தில் ஐந்து பங்கு மட்டுமே. எண்ணெயின் வெப்பம் ஏழெட்டு டிகிரி ஏறினாலே அதன் எடை அந்த அளவு குறைந்துவிடும். வெயிலில் வைத்த ஸைத்தூன் எண்ணெய், நிழலில் வைத்த எள்ளெண்ணெயைப் போலவே நிறுக்கும். வெப்பத்தைச் சமமாக்காது நிறுப்பவர், தூய சரக்கைக் கலப்படமென்று தள்ளவும் கலப்படத்தைத் தூயதென்று ஏற்கவும் கூடும்.

பன்னெடுங்காலம் மறைந்திருந்த இந்நூலை, 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தப்ரீஸிலிருந்த ரஷ்யத் தூதர் கானிகாஃப் மேலைநாட்டார்க்கு அறிமுகப்படுத்தினார்.

இத்தகையவர் எவ்வாறு வாழ்ந்தார் தெரியுமா? ஸுல்தான் ஸன்ஜர் ஆயிரம் தீனார் அனுப்பிவைத்தபோது, அதனை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். தம்மிடம் பத்துத் தீனார் இருப்பதாகவும், ஆண்டுக்கு மூன்றே செலவாவதாகவும், வீட்டில் தம்மோடு ஒரு பூனை மட்டுமே உண்டென்றும் தெரிவித்துவிட்டார்.