கோர்வெற்றின் வளர்ப்புத் தந்தை

பிள்ளையை ஈன்றவள் நற்றாய். ஊட்டியும் தாலாட்டியும் அதனை ஆளாக்கியவள் செவிலித்தாய். நம் அகப்பாடல்களைப் பயின்றோர் இவ்விருவரையும் நன்கறிவர். மனிதர் இயற்றும் பொருள்களுக்கும் இத்தகைய செவிலியர் உளர். அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காராகிய கோர்வெற்றுக்கு அவ்வாறு வாய்த்தவர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ் என்னும் பொறியியலாளர். அதனை எண்ணத்திற் கருக்கொண்டவர் வேறொருவர்; மடியாது காத்து வளர்த்தவர் இவர். எனினும், வளர்த்த பிள்ளைக்குத் தாம் விரும்பிய கோலத்தைப் புனைந்து பார்க்கும் பேறு அவருக்கு வாழ்நாளிற் கிட்டவில்லை.

டன்டோவ் 1909ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆந் திகதி, பெல்ஜியத் தலைநகரான பிரசெல்சிற் பிறந்தார். பெற்றோர் ருசிய யூதர்; தந்தை சுரங்கப் பொறியியலாளர்; தாய் மருத்துவம் பயின்றவர். குடும்பம் பின்னர் ருசியாவுக்கு மீண்டது. பெற்றோரின் மணவாழ்வு முறிந்தபின் தாய்க்குத் துணையாக வந்தவர் யோசெப் டன்டோவ். சோராவும் அவர் தம்பியும் தந்தையின் ஆர்க்கஸ் என்ற பெயரைத் துறவாது, வளர்த்தவரின் பெயரையும் அதனோடு இணைத்துக்கொண்டனர். ஈன்றவர்க்கும் வளர்த்தவர்க்கும் உரிய நன்றியைத் தம் பெயரிலேயே சுமந்தவர் அவர்.

ட்ராம் வண்டி ஓட்டவேண்டும் என்பதே சிறுவனாயிருந்தபோது அவருக்கிருந்த ஆசை. 1927இற் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் மோட்டார் சைக்கிளிற் பாய்ந்து திரிவதைக் கண்டு அஞ்சிய பெற்றோர், அதனை விற்றுக் கார் ஒன்று வாங்குமாறு வற்புறுத்தினர். மைந்தர் சொற்படியே நடந்தார். ஆயின் அவர் வாங்கியதோ முன்சக்கரங்களுக்குப் பிரேக் இல்லாத பந்தயக் கார்! இவ்வேட்கை கல்வியைக் கெடுக்கவில்லை. சார்லொட்டன்பேர்க் தொழினுட்பக் கல்லூரியில் 1934இற் பட்டம் பெற்றார்.

1939இல் எல்பி வோல்ப் என்னும் நடனமாதை அவர் மணந்தார். அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. சகோதரர் இருவரும் பிரெஞ்சு விமானப் படையிற் சேர்ந்தனர். 1940இற் பிரான்சு வீழ்ந்ததும், யூதர்க்கு நேரவிருந்த கதியை உணர்ந்து, குடும்பத்தார் போர்த்துக்கல் வழியாகக் கப்பலேறி நியூயோர்க்கை அடைந்தனர். அங்கே சகோதரர் ஆர்டன் என்ற தொழிலகத்தை நிறுவினர். போர்ட் நிறுவனத்தின் எட்டு உருளை எஞ்சினுக்கு வலுவூட்டும் அலுமினியத் தலைப்பகுதியை அவர்கள் வடித்தது வேகப் பிரியரிடையே பெரும் பெயர் பெற்றது. எனினும் தொழிலகம் நிலைக்கவில்லை. டன்டோவ் இங்கிலாந்து சென்று அலார்ட் நிறுவனத்திற் பணியாற்றினார். 1952இலும் 1953இலும் பிரான்சின் லே மான் பந்தயத்தில் அந்நிறுவனத்தின் காரை ஓட்டினார்.

1953 சனவரியில் நியூயோர்க்கில் ஜெனரல் மோட்டோர்ஸ் நடத்திய கண்காட்சியிற் கோர்வெற் முதன்முதலாக வைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் கனவு அது. கண்ணாடி நாரினாலான அதன் மேனியழகு டன்டோவைக் கவர்ந்தது; உள்ளுறுப்புகளோ ஏமாற்றமளித்தன. 150 பரிவலுவுடைய ஆறு உருளை எஞ்சினும், இரண்டே கியர் கொண்ட தானியங்கி அமைப்பும், சாதாரணக் குடும்பக் கார்களின் பாகங்களுமே உள்ளிருந்தன. அவர் செவ்ரோலே பிரிவின் தலைமைப் பொறியியலாளர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார்; அவ்வாண்டு மே முதலாந் திகதி அங்கே பணியில் அமர்ந்தார்.

வந்து சேர்ந்தபோது பிள்ளை நோயுற்றிருந்தது எனலாம். 1953இல் 300 கார்களே செய்யப்பட்டன. மறு ஆண்டிற் செய்யப்பட்ட 3,640இற் பல விலைபோகாது தேங்கின. 1955இற் செய்யப்பட்டவை வெறும் 700. அதேவேளை போர்ட் நிறுவனத்தின் தண்டர்பேர்ட் அவ்வாண்டில் 16,000க்கு மேல் விற்பனையாயிற்று. கோர்வெற்றைக் கைவிடலாமா என மேலிடம் எண்ணிய காலம் அது. கைவிடுதல் தோல்வியை ஊரறிய ஒப்புக்கொள்வதாகும் என டன்டோவ் எழுத்து மூலம் வாதிட்டார். வேகத்தை விரும்பும் இளைஞரை ஈர்க்காமல் நிறுவனத்துக்கு எதிர்காலம் இல்லை என்பதையும் அவர் முன்னரே எடுத்துரைத்திருந்தார்.

சொல்லோடு செயலும் சேர்ந்தது. 1955இற் கோர்வெற் எட்டு உருளை எஞ்சினைப் பெற்றது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் புளோரிடாவின் டேற்றோனாக் கடற்கரையில் டன்டோவ் தாமே அதனை மணிக்கு 150 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். 1957இல் எரிபொருளைப் பீச்சிச் செலுத்தும் முறை வந்து, வலு 283 ஆக உயர்ந்தது. 1963இற் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தியங்கும் புதிய அமைப்போடு ஸ்ரிங் ரே வெளிவந்தது. அவ்வாண்டில் மட்டும் 21,513 கார்கள் செய்யப்பட்டன. அதன் பின்கண்ணாடியை இரு கூறாக்கிய நடுக்கோடு, வடிவமைப்பாளர் பில் மிச்சலுக்கு அழகாகத் தோன்றிற்று. ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும் இடையூறாக டன்டோவுக்குத் தோன்றிற்று. மறு ஆண்டில் அக்கோடு நீங்கியது. 1965இல் நான்கு சக்கரங்களுக்கும் தட்டுப் பிரேக்குகள் வந்தன.

இத்தனையும் ஈட்டியவர் ஒன்றை மட்டும் ஈட்டவில்லை. எஞ்சின் முன்புறமும் உந்தும் சக்கரங்கள் பின்புறமும் இருப்பின், வலு மிகுந்தோறும் சக்கரங்கள் பிடிமானமின்றிச் சுழலும். எஞ்சினை ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னே அமைத்தால் பாரம் பின்சக்கரங்களின் மேல் அழுந்தும். முன்னே பாதையும் நன்கு தெரியும். இவ்வுண்மையைப் பந்தயக் களங்களிற் கண்டுணர்ந்த டன்டோவ், 1960இலும் 1964இலும் அவ்வமைப்பில் ஆய்வு வண்டிகளைச் செய்தார். 1970இல் அத்தகைய கோர்வெற் ஒன்று நியூயோர்க் கண்காட்சியிலும் வைக்கப்பட்டது. ஆயினும் மேலிடம் இசையவில்லை. இருக்கின்ற காரே நன்கு விலைபோகையிற் பெருஞ்செலவு எதற்கு என்பது வணிகர் கணக்கு. அக்கணக்கைப் பிழையென்று தள்ளிவிட முடியாது. காரைக் காத்து நின்ற விற்பனையை வளர்த்தவரே டன்டோவ். அவ்விற்பனையே அவருடைய கனவுக்குத் தடையாயிற்று.

1975இல் அவர் ஓய்வு பெற்றார். ஆயினும் தொடர்பு அறவில்லை. 1992இற் பத்திலட்சமாவது கோர்வெற் வெளிவந்த விழாவில் அவரும் பங்குகொண்டார். 1996 ஏப்ரல் 21ஆந் திகதி டெற்றோயிற் நகரிற் காலமானார். அவரது அஸ்தி கென்ரக்கி மாநிலத்துப் பௌலிங் கிறீன் நகரிலுள்ள தேசிய கோர்வெற் அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ளது.

அவர் மறைந்த மறு ஆண்டில், ஐந்தாந் தலைமுறைக் கோர்வெற்றின் கியர்ப்பெட்டி பாரச் சமநிலைக்காகப் பின்புறத்துக்கு நகர்ந்தது. 2019 சூலையில் அறிமுகமான எட்டாந் தலைமுறையில் எஞ்சினும் இருக்கைக்குப் பின்னே சென்றது. 490 பரிவலுவோடு 2020இல் அது விற்பனைக்கு வந்தது. வளர்த்தவர் விரும்பிய கோலத்தை வளர்ந்த பிள்ளை அவர் மறைந்து இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர்ப் பூண்டது. அந்தக் கார்கள் உருவாகும் தொழிற்சாலையும் பௌலிங் கிறீன் நகரிலேயே உள்ளது. அரும்பொருட்சாலையிலிருந்து அது கூப்பிடு தூரமே.