கால் பங்குச் சம்பளத்தைக் கேள்வி கேட்ட ஆசிரியை: சூசன் பி. அந்தோணி

ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஆண் ஆசிரியருக்கு வாரம் 10 டாலர். அவருக்குப் பதிலாக வந்த பெண்ணுக்கு வெறும் இரண்டரை டாலர். ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் இது யாருக்கும் வியப்பான செய்தியாக இல்லை. அந்த இரண்டரை டாலரை வாங்கியவர்களில் ஒருவர்தான் சூசன் பி. அந்தோணி.

1820 பிப்ரவரி 15இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அடம்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை டேனியல் பஞ்சாலை நடத்தியவர். ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களில் ஒருவருக்குத் தறி வேலை கங்காணியை விட நன்றாகத் தெரியும். அப்படியானால் அவரையே கங்காணியாக வைத்தால் என்ன என்று சிறுமி சூசன் தந்தையிடம் கேட்டார். பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்த நல்ல மனிதர் அந்தத் தந்தை. ஆனாலும் பெண்ணைக் கங்காணி ஆக்குவது சரிப்படாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கேள்வி சூசனை விட்டுப் போகவே இல்லை.

1837இல் வந்த பொருளாதார வீழ்ச்சியில் குடும்பம் நொடித்துப் போனது. வீட்டுச் சாமான்கள்கூட ஏலத்திற்கு வந்தன. குடும்பத்திற்குக் கைகொடுக்க சூசன் ஆசிரியை வேலைக்குப் போனார். ஆணுக்குக் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்குதான் தமக்கு என்பதை அங்கேதான் அனுபவத்தில் அறிந்தார்.

1853இல் நியூயார்க் மாநில ஆசிரியர்களின் மாநாடு ரோசெஸ்டர் நகரில் கூடியது. வந்திருந்தவர்களில் பெண்களே அதிகம். ஆனால் பேசுவதும் தீர்மானம் போடுவதும் ஆண்கள் மட்டுமே. ஆசிரியர் தொழிலுக்கு ஏன் மதிப்பில்லை என்று அவர்கள் விவாதித்துக் கொண்டிருந்தபோது, சூசன் எழுந்து பேச அனுமதி கேட்டார். ஒரு பெண்ணைப் பேச விடலாமா கூடாதா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. அவ்வளவு நேரமும் அவர் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் வாய்ப்பு பறிபோய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அனுமதி கிடைத்ததும் சுருக்கமாகப் பேசினார். வழக்கறிஞராக, மருத்துவராகப் பெண்ணுக்கு அறிவு போதாது என்கிறீர்கள். அவள் ஆசிரியை ஆகலாம் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் அந்தத் தொழிலைச் செய்யும் ஆணின் மதிப்பும் தானாகவே குறைகிறது. பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கும் வரை உங்கள் சம்பளமும் உயராது என்பதே அவர் வாதம். பெண்ணின் கூலி குறைவது ஆணையும் பாதிக்கும் என்பதை அந்த மண்டபத்தில் அவர் எடுத்து வைத்தார்.

அந்தக் காலத்தில் மணமான பெண்ணின் சம்பளம் சட்டப்படி கணவனுக்கே சொந்தம். இதை மாற்ற, 1854ஆம் ஆண்டு இறுதியில் கடும் பனிக்காலத்தில் புறப்பட்டு, மாநிலத்தின் 60 மாவட்டங்களில் 54 மாவட்டங்களுக்குச் சென்று கையெழுத்து திரட்டினார். 1860இல் சட்டம் மாறியது. மனைவி சம்பாதித்தது மனைவிக்கே என்றானது.

1868இல் நண்பர் எலிசபெத் கேடி ஸ்டான்டனோடு சேர்ந்து ஒரு வார ஏடு தொடங்கினார். சம வேலைக்குச் சம சம்பளம் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. உழைக்கும் பெண்களுக்குச் சங்கமும் அமைத்தார். ஆனால் மறு ஆண்டு ஒரு தவறு நேர்ந்தது. நியூயார்க்கில் அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கொண்டிருந்த நேரம், பெண்களுக்கு அச்சுக் கோக்கப் பயிற்சி தருமாறு முதலாளிகளைக் கேட்டார். பெண்களுக்கு ஒரு வழி பிறக்கும் என்பது அவர் எண்ணம். தொழிற்சங்கத்தினருக்கோ அது போராட்டத்தை உடைக்கும் வேலை. தேசியத் தொழிலாளர் மாநாட்டில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. ஏடும் 10,000 டாலர் கடனோடு அவர் கையை விட்டுப் போனது. ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றி, 1876க்குள் அந்தக் கடனை அடைத்து முடித்தார்.

வாக்குரிமை இல்லாத பெண்ணின் குரலை முதலாளியும் கேட்கமாட்டான், அரசும் கேட்காது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1872இல் துணிந்து வாக்களித்துக் கைதானார். நீதிமன்றம் 100 டாலர் அபராதம் விதித்தது. கடைசி வரை அவர் அதைக் கட்டவில்லை.

1906 மார்ச் 13இல், 86ஆம் வயதில் காலமானார். பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920இல். சம ஊதியச் சட்டம் வந்தது 1963இல். ரோசெஸ்டரில் அவர் பேசி அப்போது 110 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1979இல் அமெரிக்க அரசு ஒரு டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது.

சட்டம் வந்தும் ஊதிய இடைவெளி இன்னும் முழுதாக மூடவில்லை. சம்பளச் சீட்டில் வேறுபாட்டைக் கண்டு கேள்வி கேட்க எழும் ஒவ்வொரு பெண்ணும், அன்று அரை மணி நேரம் உட்காராமல் நின்ற அந்த ஆசிரியைக்குத் துணையாக நிற்கிறார்.