நவாபு வாலாஜா முகம்மதலி

நாட்டை வாளால் இழந்த மன்னர் பலர். கடனால் இழந்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டுச் சீமையை ஆண்ட நவாபு முகம்மதலி ஆவர். ஆரணியும் அதனை அடுத்த முள்ளிப்பட்டு முதலிய ஊர்களும் அவர் காலத்துப் போர்கள் நிகழ்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவையாதலின், அவருடைய சரித்திரம் நமக்கு அயலார் கதையன்று.

முகம்மதலியின் தந்தையார் அன்வருத்தீன் கான், ஐதராபாத்து நிஜாமினால் ஆர்க்காட்டு நவாபாக நியமிக்கப் பெற்றவர். பழைய நவாபு குடும்பத்தின் உறவினராகிய சந்தா சாகிபு, பிரெஞ்சுக்காரரின் துணைகொண்டு 1749-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள் ஆம்பூரில் அவரை எதிர்த்தார். முதியவராகிய அன்வருத்தீன் போர்க்களத்திலேயே உயிர் துறந்தார். முகம்மதலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையுட் புகுந்து ஆங்கிலக் கும்பினியாரின் உதவியை நாடினார்.

சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருந்த காலத்து, ராபர்ட் கிளைவு என்னும் இளைஞர் 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் உடன்கொண்டு சென்று, 1751-இல் ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபு அக்கோட்டையை ஏறக்குறைய ஐம்பது நாள் வளைத்திருந்தும் அதனைப் பெற்றிலன். முற்றுகை நீங்கியபின் அவன் சேனையைத் தொடர்ந்து சென்ற கிளைவு, மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் ஆரணியில் முறியடித்தார். 1752-இல் சந்தா சாகிபு பிடிபட்டுக் கொலையுண்டார். 1760-இல் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர் வலியிழந்தனர். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கையில் இங்கிலாந்தும் பிரான்சும் முகம்மதலியையே கர்நாடகத்தின் உரிமையுடைய நவாபு என ஒப்புக்கொண்டன. 1765-இல் டில்லி பாதுஷாவின் பர்மானும் கிடைத்தது. வாலாஜா என்னும் பட்டமும் அவர்க்கு உரியதாயிற்று.

ஆர்க்காட்டை விட்டுச் சென்னையிற் குடியேறிய அவர், 1768-இல் சேப்பாக்கத்தில் மாளிகை அமைத்தார். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர்க்குத் தம்மை நேர் நட்பாளராகக் கருதி, அம்மன்னரோடு கடிதப் போக்குவரவு செய்தார். சார்லட் இராணிக்கு வைரங்களைக் காணிக்கையாக அனுப்பினார். 1770-இல் மன்னரின் தூதராகச் சர் ஜான் லிண்ட்சே அவரிடம் வந்தார். கும்பினியாரைத் தாண்டி மன்னரை அடைந்தால் தம் உரிமை நிலைக்கும் என நவாபு நம்பினார்.

ஆயினும் அவர் உரிமையை அரித்தது கடனேயாகும். அவர் பெயரால் நடந்த போர்களின் செலவையெல்லாம் கும்பினியார் அவர் கணக்கில் எழுதினர். அதனைத் தீர்க்க அவர், கும்பினியின் உத்தியோகத்தரிடமே தனிப்பட மிகுவட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக ஊர்களின் வரிவருவாயை எழுதிக்கொடுத்தார். முன்பணம் பெற்ற நெசவாளிக்குத் தறி தன் வீட்டிலிருந்தும் நெய்த சேலை தனதாகாமையை நம்மூரார் அறிவர். நவாபின் நிலையும் அதுவே. வரி தண்டுவோர் குடிகளை வருத்தினர்; பயனை அடைந்தோர் பால் பென்பீல்டு முதலிய கடன்காரர்.

புதிய வருவாய் தேடி, கும்பினிப் படையின் உதவியால் நவாபு 1773-இல் தஞ்சையைக் கவர்ந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஆணைப்படி 1776-இல் அது துளஜா மன்னர்க்குத் திருப்பித் தரப்பட்டது. தரும்படி செய்த கவர்னர் பிகட்டு பிரபு, தம் சபையினராலேயே சிறைப்படுத்தப்பட்டு 1777-இல் காவலிலேயே மாண்டார். 1785-இல் எட்மண்டு பர்க்கு இக்கடன்களின் ஊழலைப் பார்லிமெண்டில் வெளிப்படுத்தினார்.

இதற்கிடையே 1780-இல் ஐதரலி படையெடுத்து வந்து சீமையைப் பாழாக்கினார். ஆர்க்காடும் அவர் வசமாயிற்று. ஆரணிக் கோட்டையில் அவர் போர்ப்பண்டங்களைச் சேமித்திருந்தமையின், சர் அயர் கூட்டு அதனை நோக்கிச் சென்றார். 1782 ஜூன் 2-ஆம் நாள் ஆரணியருகே இருவர்க்கும் போர் நிகழ்ந்தது. கோட்டையோ ஐதரின் கையிலேயே நின்றது. பயிரிழந்தும் வீடிழந்தும் ஓடிய குடிகட்கு, வென்றவர் யாவர் என்பதில் வேற்றுமை யாதுமில்லை.

நவாபு ஈகையிலும் கல்வியிலும் பற்றுடையவர். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிற் குளத்துக்கு நிலம் ஈந்தவர் ஆர்க்காட்டு நவாபே என்பர். எனினும் 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால், படைச்செலவுக்கு மட்டுமே ஆண்டுக்கு 9 இலட்சம் வராகன் கட்டும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. 1795 அக்டோபரில் அவர் காலமானார். அவர் உடல் திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவில் அடக்கஞ் செய்யப் பெற்றது. ஆறாண்டுக்குள், 1801-இல், நாடு முழுவதும் கும்பினியின் கைப்பட்டது.

நாற்பத்தாறாண்டு நவாபாயிருந்தும், தம் பகைவரை அவர் தம் வலியால் வென்றது அரிது. பிறர் வாளால் பெற்ற அரியணையின் விலையைக் குடிகளே கொடுத்தனர். கடன் வாங்குபவன் தன் பொருளை மட்டுமன்றித் தன்னைச் சார்ந்தோர் வாழ்வையும் ஈடு வைக்கின்றான் என்பதே மாணவராகிய நாம் இவர் வாழ்வினின்று கற்கத்தக்க பாடமாகும்.