சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (செப்டம்பர் 5, 1888 – ஏப்ரல் 17, 1975) இந்திய மெய்யியலாளரும் பேராசிரியரும் ஆவார். 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தார். வடசென்னையில் வியாசர்பாடிக்கு அண்மையிலுள்ள டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர் சட்டமன்றத் தொகுதி இவர் பெயரைத் தாங்கியது. பதவிகளாலும் ஆசிரியர் நாளாலுமே பெரிதும் அறியப்படும் இவரின் மெய்யியல் பணியே இங்கு முதன்மையாகக் கூறப்படுகின்றது.

கல்வி

திருத்தணியில் தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தார். வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1937-இல் தாம்பரத்துக்கு மாறும்வரை அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில், துறைமுகத்துக்கு அருகே இயங்கியது. மெய்யியலை இவர் விரும்பித் தேர்ந்தார் எனக் கூற இயலாது. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் அளவையியல், உளவியல், அறவியல் பாடநூல்களைக் கொடுத்தார். நூல் வாங்கும் செலவு மிஞ்சியதே பாடத்தை முடிவு செய்தது.

வேதாந்தமும் அறவியலும்

உலகம் மாயை என்றால் நன்மை தீமைக்குப் பொருளில்லை, ஆகவே வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்பது அக்காலக் கிறித்தவத் திறனாய்வாளர்களின் வாதம். அதற்கு மறுமொழியாகவே 1908-இல் தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அதைப் பாராட்டியவர், அக்கல்லூரியில் கற்பித்த சமயப் பரப்பாளரான பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் என்பது குறிப்பிடத்தக்கது. உலகம் வெறும் தோற்றமன்று, அது பரம்பொருளைச் சார்ந்து நிற்பது. ஆதலால் அதில் செய்யும் செயலுக்கும் பொறுப்பு உண்டு எனப் பின்னைய நூல்களில் விரித்துரைத்தார்.

மேலை மெய்யியல்

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918-இல் மைசூருக்கும் 1921-இல் கல்கத்தாவுக்கும் சென்றார். 1920-இல் வெளிவந்த நூலில் லைப்னிட்சு (1646–1716) முதல் பெர்க்சன் வரையிலானோரை ஆராய்ந்தார். லைப்னிட்சின் உலகம், ஒன்றையொன்று பாதிக்காத எண்ணற்ற தனி அலகுகளால் ஆனது. அவற்றை இசைவிப்பவர் கடவுள். தருக்கத்தை இறுதிவரை பின்பற்றினால் ஒருமைக் கொள்கையே கிட்டும், சமய உணர்வு குறுக்கிட்டதால்தான் பன்மைக் கொள்கை எழுந்தது என்பது இராதாகிருஷ்ணனின் முடிவு. வேதாந்தியான இவர்மீதும் இதே கேள்வியை எழுப்ப இடமுண்டு.

சர்ச்சை

இந்திய மெய்யியல் வரலாற்றை 1923, 1927 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். இரண்டாம் தொகுதியில் தம் ஆய்வேட்டுப் பகுதிகள் எடுத்தாளப்பட்டுள்ளன என்று ஜதுநாத் சின்கா 1929-இல் வழக்குத் தொடுத்தார். இராதாகிருஷ்ணன் அதை மறுத்து எதிர்வழக்கிட்டார். 1933-இல் இரண்டும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தன. எனவே தீர்ப்பு ஏதும் இல்லை.

பிற்காலம்

1936 முதல் 1952 வரை ஆக்சுபோர்டில் கீழைச் சமயங்கள், அறவியல் துறைப் பேராசிரியராக இருந்தார். 1952-இல் குடியரசுத் துணைத் தலைவரானார். 1967-இல் ஓய்வு பெற்றுச் சென்னை திரும்பி, மயிலாப்பூரில் வாழ்ந்து மறைந்தார்.