மௌனத்தால் உலகை ஈர்த்த ரமண மகரிஷி

சிவாலயங்களில் தெற்கு நோக்கி, கல்லால மரத்தின் கீழ் எழுந்தருளியிருக்கும் தட்சிணாமூர்த்தியை நாம் வலம்வந்து வணங்குகின்றோம். சனகாதி முனிவர் நால்வருக்கும் வாய் திறவாமலே உபதேசித்த குருமூர்த்தி அவர். மௌனத்தையே குருவாகப் போற்றும் சமயம் நம்முடையது. ஆயினும் ஊரிலே அதிகம் பேசாத ஒருவரைக் கண்டால் தலைக்கனம் பிடித்தவர் என்றோ, ஒன்றுக்கும் உதவாதவர் என்றோ எண்ணிவிடுவதும் நம்மிடையே உண்டு. அத்தகைய ஒருவரை அன்பர் சிலர் எவ்வாறு அரவணைத்தனர், அதனால் உலகம் பெற்ற பேறு யாது என்பதற்குத் திருவண்ணாமலை பகவான் ஸ்ரீ ரமண மகரிஷியின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

பாண்டி நாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்றான திருச்சுழியில், 30.12.1879 அன்று, ஆருத்திரா தரிசனப் புண்ணிய தினத்தில், சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் மகனாக அவர் அவதரித்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். 1892 இல் தந்தையார் காலமாகவே, மதுரையில் சிறிய தந்தையார் வீட்டில் தங்கிக் கல்வி கற்றார். விளையாட்டில் மிகுந்த விருப்பமுடைய சாதாரண சிறுவனாகவே அவர் வளர்ந்தார்.

1896 ஆம் ஆண்டு நடுப்பகுதியில், பதினாறு வயதில், மரண பயம் ஒன்று திடீரென அவரை ஆட்கொண்டது. இறப்பது உடல்தான், தான் அதுவன்று என்ற தெளிவு அக்கணமே அவருக்கு உண்டாயிற்று. அன்று முதல் விளையாட்டில் நாட்டமில்லை, தோழருடன் பேச்சில்லை, மாலையில் மீனாட்சியம்மன் சந்நிதியில் தனித்து நிற்பதே அவருக்கு நிறைவளித்தது. வீட்டாருக்கோ இம்மாற்றம் விளங்கவில்லை. தமையனார் கண்டித்தார். 29.08.1896 அன்று, இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்ற கருத்தில் தமையனார் கடிந்துரைக்க, அது உண்மைதானே என்று சிறுவனுக்குப் பட்டது. தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கெனக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாவில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாவையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார். 01.09.1896 அன்று அண்ணாமலையார் சந்நிதியை அடைந்தார்.

திருவண்ணாமலையிலும் முதலில் அவரை எல்லோரும் விளங்கிக்கொள்ளவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் அசையாது அமர்ந்திருந்த இளைஞரை நோக்கிச் சிறுவர்கள் கல்லெறிந்தனர். அதற்கஞ்சி அவர் இருள் சூழ்ந்த பாதாளலிங்கக் குகைக்குள் சென்றமர, பூச்சிகள் தொடைகளை அரித்தன. அவ்வேளையில் சேஷாத்திரி சுவாமிகள் அவருக்குக் காவலாக நின்றார். அன்பர் சிலர் அவரைத் தூக்கிவந்து சுப்பிரமணியர் சந்நிதியருகே இருத்தினர். அங்கே அம்பாளுக்கு அபிஷேகம் செய்த பால் அவருக்கு வழங்கப்பட்டது. அதிலே மஞ்சளும் சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்திருக்க, அதனையும் அவர் பேசாது அருந்திவந்தார். இதனைக் கண்ணுற்று வருந்திய அர்ச்சகர், இனி நல்ல பாலையே கொடுக்கவேண்டுமெனப் பணித்தார். அவர் கேளாதிருந்தும் அவரது தேவையை அறிந்து உதவிய அவ்வர்ச்சகரின் செயல் போற்றுதற்குரியது.

பின்னர் பழனிசாமி என்னும் அடியவர் அவருக்குத் தொண்டு செய்ய வந்துசேர்ந்தார். பழனிசாமி தமிழ் நூல்களைக் கொண்டுவந்து எழுத்துக்கூட்டிச் சிரமத்துடன் வாசிப்பார். அதைக் கண்ட இளைய சுவாமிகள் அந்நூல்களைத் தாமே வாங்கிப் படித்து, சாரத்தை அவருக்கு உணர்த்துவார். பேசாதிருந்தவர் பிறர் சிரமத்தைக் கவனியாது இருக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

1898 ஆம் ஆண்டின் இறுதியில் தாயார் பவளக்குன்றுக்கு வந்து, வீடு திரும்புமாறு பல நாள் அழுது மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. அங்கு நின்ற அன்பரான பச்சையப்பபிள்ளை, பேசாவிடினும் எழுதியாவது பதில் தரலாமே என்று தாளும் பென்சிலும் கொடுத்தார். அவரவர் வினைக்கேற்ப இறைவன் நடத்துவான், நடப்பதைத் தடுக்க இயலாது என்ற கருத்துப்பட அவர் எழுதிக் கொடுத்தார். அது தாயார் விரும்பிய விடையன்று. ஆயினும் ஒரு விடை கிடைத்தது. 1902 அளவில் அரசாங்க உத்தியோகத்தரான சிவப்பிரகாசம்பிள்ளை விரூபாட்சி குகைக்குச் சென்று தம் ஐயங்களை முன்வைத்தபோதும், எழுதியே விடை பெற்றார். அவ்விடைகளே பிற்காலத்தில் நான் யார் என்னும் நூலாக மலர்ந்து, பல மொழிகளில் உலகெங்கும் பரவின. பேசினால்தான் ஏற்போம் என்று அவர் நின்றிருப்பின் அந்நூல் நமக்குக் கிடைத்திராது.

அம்மௌனம் சபதமாக எடுத்த விரதமன்று. பேசும் நாட்டம் இல்லாமையால் வந்தது. காலப்போக்கில், வேண்டியபோது அவர் பேசலானார். 1907 இல் கணபதி சாஸ்திரிகள் தவத்தின் இயல்பை வினவியபோது வாய்மொழியாகவே உபதேசித்தார். பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்ற திருநாமத்தைச் சூட்டியவர் அச்சாஸ்திரிகளே. கணவனையும் பிள்ளைகளையும் இழந்து துயருற்றிருந்த எச்சம்மாள், அவர் முன்னிலையில் பேச்சின்றி இருந்தே ஆறுதல் பெற்றார். பின்னர் ஆண்டாண்டு காலம் உணவு சமைத்து மலைக்குச் சுமந்துசென்று படைத்தார்.

1916 இல் தாயாரும் மகனிடமே வந்து தங்கினார். 19.05.1922 அன்று தாயார் இறைவனடி சேர, மலையடிவாரத்தில் அவரது சமாதியைச் சூழ ரமணாச்சிரமம் வளர்ந்தது. அங்கே மகரிஷி விடியுமுன் எழுந்து அடியார்களுடன் காய்கறி நறுக்குவார், சமையலில் கூடமாட நிற்பார், நூல் கட்டுவார், அச்சுப்பிரதிகளைத் திருத்துவார், அன்பர்களின் கடிதங்களுக்கு அலுவலகத்தார் எழுதும் பதில்களைப் பார்வையிடுவார். பந்தியில் பிறருக்கு இட்டதைவிடத் தமக்குக் கூடுதலாக இட்டால் ஏற்கமாட்டார். 1924 இல் திருடர் புகுந்து தம்மை அடித்தபோதும், திருப்பித் தாக்க எழுந்த இளைஞர்களைத் தடுத்தார். 14.04.1950 இரவு அவர் மகாசமாதி அடைந்தார்.

பேசாதிருப்பவர் யாவரும் ஞானியர் என்பது இதன் பொருளன்று. கூச்ச சுபாவத்தினால் ஒதுங்கியிருப்போரும் உளர். இயல்பிலேயே தனிமையை விரும்புவோரும் உளர். எவராயினும் அவர்களும் ஆலயத்துக்கு உரியவர்களே. திருவிழாக் காலத்தில் பின்வீதியில் இருந்து மாலை கட்டுபவரும், மடப்பள்ளியில் பாத்திரம் துலக்குபவரும், அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்குபவரும் பெரும்பாலும் ஒலிவாங்கியின் முன் வராதவர்களே. பொதுக்கூட்டத்தில் உரத்துப் பேசுபவரின் கருத்தே ஊரின் கருத்தாகிவிடுகின்றது. எழுத்திலும் கருத்துக்களை ஏற்றுக்கொள்வதும், கூட்டம் முடிந்தபின் ஒதுங்கி நிற்பவரிடம் சென்று தனியே விசாரிப்பதும், மேடையேறத் தயங்கும் இளைஞருக்குக் கணக்கெழுதுவதையோ நந்தவனத்தையோ நம்பி ஒப்படைப்பதும் எந்தப் பரிபாலன சபைக்கும் இயலாதவை அல்ல.

கல்லெறிந்தவர்களும் பாலூட்டியவர்களும் திருவண்ணாமலை என்னும் ஒரே ஊரிலேயே வாழ்ந்தார்கள். நம் ஊரிலும் மௌனமாக நிற்பவரைக் காணும்போது நல்ல பாலை எடுத்துக் கொடுத்த அந்த அர்ச்சகரை நினைவிற் கொள்வோமாக.

சுபம்.