மேடையை வென்ற கவிக்குயில்

பெண் மேடை ஏறினால் ஊரே வேடிக்கை பார்த்த காலம் அது. ஒலிபெருக்கி கிடையாது. கூட்டத்தில் கடைசி வரிசை வரை கேட்கும்படி பேசவேண்டும். அப்படிப் பேசி நாடெங்கும் புகழ் பெற்றவர், கவிக்குயில் சரோஜினி தேவி.

வங்காளக் குடும்பம்

சரோஜினி 1879-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந்தேதி ஐதராபாத்தில் பிறந்தார். ஆனால் அது குடும்பத்தின் சொந்த ஊர் அல்ல. தந்தை அகோரநாத் சட்டோபாத்தியாயா, வங்காளி. கல்விப் பணிக்காக நிஜாம் சமஸ்தானத்துக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர்.

மகள் கணிதத்திலோ, விஞ்ஞானத்திலோ பெரிய ஆளாக வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. மகளுக்கோ கவிதையில்தான் மனம் சென்றது.

சரோஜினி 12-வது வயதில், சென்னை பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார். நிஜாம் உதவித்தொகை கொடுக்க, 1895-ல் இங்கிலாந்து சென்று படித்தார். 1898-ல் ஊர் திரும்பினார். அதே ஆண்டு, டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவை சென்னையில் மணந்தார். அது கலப்பு மணம்.

கல்கத்தா பேச்சு

1906-ல் கல்கத்தாவில் சமூக சீர்திருத்த மாநாடு நடந்தது. அங்கே பெண் கல்வி பற்றி சரோஜினி பேசினார்.

படிப்பு என்பது ஆண்கள் போடும் பிச்சை அல்ல. பெண்களிடம் இருந்து பறிக்கப்பட்ட உரிமை. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பேச்சைக் கேட்ட கோகலே மனம் நெகிழ்ந்து பாராட்டினார்.

அப்போது அவர் 4 குழந்தைகளின் தாய். உடல்நலமும் சரியில்லை. ஆனாலும் ஊர் ஊராகச் சென்று பேசினார்.

ஓட்டுரிமை

1917 டிசம்பரில், இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். சரோஜினி தலைமையில் பெண்கள் தூதுக்குழு அவரைச் சந்தித்து, ஆண்களைப்போல் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டது.

1918-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் விசேஷ மாநாட்டிலும் அவர் இதற்காக வாதாடினார். 1919-ல் லண்டன் சென்று, பாராளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார்.

பிரிட்டிஷ் அரசு அதை ஏற்கவில்லை. முடிவை மாகாண சட்டசபைகளிடம் விட்டது. 1921-ல் சென்னை மாகாணம் முதலாவதாக பெண்களுக்கு ஓட்டுரிமை அளித்தது. ஆனால், சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது.

தலைமைப் பதவி

1925-ல் கான்பூர் காங்கிரசுக்கு சரோஜினி தலைமை வகித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியப் பெண் அவரே. 1930-ல் தராசனா உப்பு சத்தியாக்கிரகத்தை நடத்திச் சிறை சென்றார். 1947-ல் உத்தரப்பிரதேச (அப்போது ஐக்கிய மாகாணம்) கவர்னர் ஆனார். பதவியில் இருக்கும்போதே, 1949 மார்ச் 2-ந்தேதி லக்னோவில் காலமானார்.

சொத்து, படிப்பு என்ற தகுதி எதுவும் இல்லாமல், வயது வந்த எல்லாப் பெண்களுக்கும் ஓட்டுரிமை இருந்த முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தது. அதற்காக மேடைமேடையாக வாதாடிய அவர், அந்த நாளைக் காண உயிரோடு இல்லை.